சோதனைக் கொள்முதல்

இந்தப் பையன் ஏன் பின்னாலேயே வருகிறான். வண்டியை நான் தள்ளுகிறேன் என்றதும் கையை எடுத்துவிட்டான், சரி, பெரியவர் கேட்டால் கொடுப்பதுதான் மரியாதை, ஆனால் கொடுத்தவன் பக்கத்தில்தானே நடக்க வேண்டும், இவன் ரெண்டு எட்டு பின்தங்கி வருகிறான், நான் திரும்பினால் சிரிக்கிறான், திரும்பாதபோது என்ன செய்கிறான் என்று தெரியவில்லை. இவனைப் பார்க்கத்தான் கரூரிலிருந்து டொரொண்டோ வரைக்கும் கால் வீங்க விமானத்தில் உட்கார்ந்து வந்தேன், வந்து பார்த்தால் இவன் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பேர் துவாரகன். யாழ்ப்பாணத்துக் குடும்பம், சின்ன வயசிலேயே இங்கே வந்தவன். தமிழ் நன்றாகப் பேசுகிறான், அவர்கள் தமிழ், வாய் நிறைய மரியாதை. என்னை அங்கிள் என்கிறான். என் மகள் மேகலாதான் அப்படிக் கூப்பிடச் சொல்லியிருப்பாள். மாமா என்று கூப்பிட்டால் நான் முறைத்துவிடுவேனோ என்று பயந்திருப்பாள். எல்லாம் பேசி வைத்துக்கொண்டு நடக்கிறார்கள். நானும் தம்பி என்றே கூப்பிடுகிறேன். தம்பி என்று யாரை வேண்டுமானாலும் கூப்பிடலாம், பஸ் கண்டக்டரை, சிலிண்டர் போடுகிறவரை. அதில் பிடி கொடுத்ததாக ஆகாது. வாசலில் இவன் ஒரு அட்டையைக் காட்டினான், அந்த அட்டை இருந்தால்தான் கடைக்குள்ளேயே விடுகிறார்கள், வெளியே போகும்போது ஒரு அம்மாள் ரசீதை வாங்கி, வண்டியை எட்டிப் பார்த்து, பேனாவால் ஒரு கோடு கிழித்து அனுப்புகிறாள். யாரையும் நம்பாத கடை. இந்த ஊரில் எனக்குப் பிடித்த முதல் விஷயம் இதுதான்.

ராத்திரிக்குள் சொல்லியாக வேண்டும். காலையில் மேகலா காபியை என் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள், அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை, பரீட்சைக்குப் பணம் கட்டக் கடைசி நாள் என்று சொல்கிற மாதிரி சொன்னாள். "இன்னிக்கு ராத்திரி சாப்புட்டதும் சொல்லீருங்கப்பா. நீங்க வேண்டாம்னா நான் பண்ணிக்க மாட்டேன். ஆனா அப்பறம் வேற யாரையும் பண்ணிக்கச் சொல்லக் கூடாது." இது சம்மதம் கேட்பதா, மிரட்டுவதா. காபி ஆறும்வரை அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். ஊரில் என் வீட்டுக்காரி ரங்கநாயகி முட்டி வலியைச் சாக்குச் சொல்லி விமானம் ஏற மாட்டேன் என்றுவிட்டாள், நீங்க பாத்துச் சரின்னு சொன்னா எனக்கும் சரிங்க என்று மொத்தத்தையும் என் தலையில் கட்டிவிட்டாள். நாளைக்கு இந்தக் கல்யாணம் ஒன்று கிடக்க ஒன்று ஆனால், நீங்க பாத்துதானே சொன்னீங்க என்பாள். வேண்டாம் என்று சொல்லி மகள் தனியாகவே இருந்துவிட்டால், அப்பவும் நீங்க பாத்துதானே சொன்னீங்க என்பாள். ஊரென்றால் இவ்வளவு பாடு இல்லை. மாப்பிள்ளை வீட்டுத் தெருமுனையில் ஒரு டீக்கடை இருக்கும், ஒரு சலூன் இருக்கும், இஸ்திரி வண்டி நிற்கும். பேர் சொல்லாமல் ஒரு டீ வாங்கிக் குடித்தால் போதும், பையன் குடிப்பானா, அப்பன் யாரிடமாவது வம்பு பண்ணுவானா, தங்கச்சி ஏன் அம்மா வீட்டிலேயே இருக்கிறாள், எல்லாம் வந்து விழும். நான் விசாரித்துத்தான் சொந்தத்தில் பாதிக் கல்யாணம் நடந்தது. இங்கே யாரிடம் விசாரிப்பது. தெருவில் ஆளே இல்லை. நாயைக் கூட்டிக்கொண்டு போன ஒரு வெள்ளைக்கார அம்மாவிடம் மகள் வீட்டுக்கு வருகிற பையனைப் பற்றி எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன், நல்ல பையன் என்றாள். நாயைப் பற்றிக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள். அதனால்தான் கடைக்கு நானும் வருகிறேன் என்று கிளம்பினேன். ஒரு மனுஷன் பொருள் வாங்குகிற விதத்தைப் பார்த்தால் அவனைப் பாதி தெரிந்துகொள்ளலாம். மகளும் உடனே சரி என்றாள், நீங்க ரெண்டு பேருமே போயிட்டு வாங்க என்றாள். அவ்வளவு சுருக்காகச் சரி என்றது எங்கேயோ இடிக்கிறது.

கடை முடியவே மாட்டேன் என்கிறது. டிவி, டயர், பல் விளக்குகிற பிரஷ் மூட்டை, மறுபடியும் டிவி. கறி கடைசிச் சுவரில் இருக்கிறதாம். வேண்டுமென்றே அங்கே வைத்திருப்பார்கள், கறி வாங்க வந்தவன் வழியில் டயரும் வாங்கட்டும் என்று. ஓரிடத்தில் ஒரு கிழவர் சின்னக் காகிதக் கிண்ணங்களில் எதையோ வறுத்து வைத்து எல்லாரையும் சாப்பிடச் சொல்கிறார். துவாரகன் ஒன்று எடுத்து என்னிடம் நீட்டினான், நான் வேண்டாம் என்றேன், உடனே அவனும் சாப்பிடாமல் வைத்துவிட்டான். நான் சாப்பிட்டிருந்தால் அவனும் சாப்பிட்டிருப்பான். இப்படி என் முகத்தைப் பார்த்துப் பார்த்து நடக்கிறவனை எப்படி எடை போடுவது. வேலையில் இருந்தபோது ஊர்க் கடைத்தெருவில் நான் நுழைந்தாலும் இப்படித்தான் நடக்கும். எடையளவு ஆய்வாளர் நாச்சிமுத்து வருகிறார் என்று முதல் கடைக்காரன் பார்த்ததும் கடைசிக் கடை வரைக்கும் சேதி போய்விடும், தராசெல்லாம் நேராக நிற்கும், பொருள் வைக்கிற தட்டுக்கு அடியில் ஒட்டிய புளி காணாமல் போய்விடும், உட்காருங்க சார் என்று ஸ்டூல் வரும். அதிகாரியைப் பார்த்து யாரும் குறைத்து எடை போட மாட்டார்கள். அதற்குத்தான் சோதனைக் கொள்முதல் என்று ஒரு முறை உண்டு. நாம் போகக் கூடாது, யாரென்று தெரியாத ஒருவரை அனுப்பி வாங்கச் சொல்ல வேண்டும், வாங்கி வந்ததை நாம் எடை போட வேண்டும். ஆபீஸ் உதவியாளரைத்தான் அனுப்புவது வழக்கம், ஆனால் அவரையும் கடைத்தெருவுக்கே தெரியும். நான் மேகலாவை அனுப்பினேன். ரெட்டைச் சடை, ஸ்கூல் யூனிபார்ம், கையில் மஞ்சப்பை, யாருக்குச் சந்தேகம் வரும். எதிரே சைக்கிள் கடையில் நான் நின்றுகொள்வேன். யாருக்குப் பாப்பா என்று கடைக்காரர் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தேன். அம்மா வாங்கிட்டு வரச் சொன்னாங்க என்று சொல், வேறு ஒரு வார்த்தை பேசாதே, முகத்தில் ஒன்றும் காட்டாதே. அப்படியே செய்வாள். இத்தனை ஆட்களை வைத்து வேலை வாங்கியிருக்கிறேன், அவள் மாதிரி முகத்தில் ஒன்றும் காட்டாத ஆளை நான் பார்த்ததில்லை. ஒரு கடைக்காரர் அவளுக்கு ஆசையாக அச்சுவெல்லம் ஒரு துண்டு கொடுத்தார், அன்றைக்கு அவர் போட்ட சர்க்கரை எடை குறைவாக இருந்தது, கேஸ் போட்டேன். வெல்லத்தை என்ன செய்தாள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

வந்துவிட்டோம். குளிர் முட்டியில் ஏறுகிறது, ஸ்வெட்டரின் கையை இழுத்துவிட்டுக்கொள்கிறேன். இது கறிக்கடையா. நாற்றமே இல்லையே. கறிக்கடைக்கு ஒரு வாடை வேண்டாமா, ஈ வேண்டாமா, கட்டையில் வெட்டுகிற சத்தம் வேண்டாமா, பாய், நெஞ்சுக்கறி கொஞ்சம் சேர்த்துப் போடுங்க என்று நாலு பேர் கத்த வேண்டாமா. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கடை முன்னால் நின்று, தொங்குகிற ஆட்டின் வாலைப் பார்த்து, சீல் பார்த்து, கண் முன்னால் வெட்டச் சொல்லித்தான் வாங்குவேன். இங்கே நீளமான குளிர்பெட்டிக்குள் எல்லாம் வெள்ளைத் தட்டில் படுத்திருக்கிறது, மேலே பிளாஸ்டிக் இறுக்கிப் போர்த்தியிருக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளைக் கோட்டுக்காரர்கள் இருக்கிறார்கள், ஆனால் கூப்பிட்டால் காது கேட்காது. சண்டை போட ஆளில்லாத கடையில் எப்படிக் கறி வாங்குவது. இந்தச் சிவப்பும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருக்கிறது. தக்காளிக் கடைக்காரன் சிவப்புப் படுதா கட்டுவான், கீரைக்காரி பச்சைப் படுதா, அந்த வெளிச்சத்தில் எல்லாமே இப்போதுதான் பறித்த மாதிரி இருக்கும், வீட்டுக்கு வந்து பார்த்தால் தெரியும் சேதி. இங்கே மேலே எரிகிற விளக்கு என்ன நிறம் என்று அண்ணாந்து பார்த்தேன், கண் கூசியது. பட்டுப்புடவை என்றால் வாசல் வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்க்கலாம், மாட்டுக்கறியை எங்கே கொண்டுபோவது. ஒரு பொட்டலத்தைக் கையில் எடுத்தேன். எடுக்க வேண்டியதாகிவிட்டது, பையன் பார்க்கிறான், நான் தயங்கினால் கண்டுபிடித்துவிடுவான். சில்லென்று கனத்தது. அடியில் ஒரு பஞ்சு வைத்திருக்கிறார்கள், ரத்தத்தைக் குடிக்க. அது குடித்த ரத்தம் யார் கணக்கில். ஸ்வீட் கடைக்காரன் அட்டைப் பெட்டியோடு சேர்த்து எடை போடுவான், அதற்காக எத்தனை பேரோடு வழக்காடியிருக்கிறேன், பெட்டி நாங்க சும்மாதானே சார் தர்றோம் என்பான். மேலே பெரிய எழுத்தில் போட்டிருப்பதை நான் என்றைக்கும் நம்பியதில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பொட்டலத்தை மூக்குக்குக் கிட்டே கொண்டுவந்து, ஓரத்தில் எறும்பு எழுத்தில் இருப்பதைப் படித்தேன். பிடித்துவிட்டேன். இயந்திரத்தால் ஊசி குத்தி மென்மையாக்கியது என்று இருக்கிறது. முரட்டுக் கறியை ஊசியால் குத்திக் குத்திப் பதமாக்கி நல்ல கறி வரிசையில் படுக்கவைத்திருக்கிறார்கள். சட்டத்துக்காகச் சொல்லியும் இருக்கிறார்கள், யாரும் படிக்காத இடத்தில். பொட்டலத்தை இருந்த இடத்திலேயே வைத்தேன். கை ஈரமாக இல்லை, ஆனாலும் வேட்டி இருந்தால் துடைத்துக்கொண்டிருப்பேன், பேண்ட்டில் துடைக்க மனம் வரவில்லை.

இதைத்தான் ராத்திரி தின்ன வேண்டும். ஆடு, கோழி, மீன், காடை, முயல்கூட ஒருதரம், மாடு மட்டும் எங்கள் வீட்டில் கிடையாது. மாட்டுக்குப் பேர் வைத்துக் கூப்பிட்டு, பொங்கலுக்குக் கொம்பில் வர்ணம் அடித்த கை இது. தின்கிறவர்களை நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், அவரவர் வாய், அவரவர் பழக்கம், ஆபீசில் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர் கொண்டுவருவார், நான் முகம் சுளித்ததில்லை. ஆனால் என் வாய்க்குள் போனதில்லை. மேகலா நேற்றே சொல்லிவிட்டாள், அவருக்கு ஸ்டேக்னா உசுருப்பா, நாளைக்கு அதுதான், நீங்க ஒண்ணும் சொல்லிடக் கூடாது என்று. தடித் துண்டாக வெட்டிச் சுடுகிற மாட்டுக்கறிக்கு அதுதான் பேராம். சொல்ல மாட்டேன் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம், நானும் சாப்பிடுகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன். ஒரு இலையில் இல்லாவிட்டாலும் ஒரு மேஜையில் ஒரே சாப்பாட்டைச் சாப்பிடாமல் ஒருத்தனை எப்படி ஏற்றுக்கொள்வது, எப்படி மறுப்பது. அவள் என்னையே ஒரு நிமிஷம் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. இவன் முன்னால் நான் ஓங்கரித்துவிட்டால் என்ன ஆகும். இவன் முகம் சுருங்கும், அவளுக்குப் புரிந்துவிடும், நான் வாயைத் திறந்து சொல்வதற்கு முன்பே வேண்டாம் என்று சொன்னதாக ஆகிவிடும். அந்தப் பயத்தில் நேற்று ராத்திரி பாதித் தூக்கம் போயிற்று. இன்னொன்றும் இருக்கிறது. முந்தாநாள் தோசை ஊற்றலாம் என்று சமையலறையில் கல் தேடினேன், பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குக் கீழே, பின்னாலே தள்ளி, துணி சுற்றி ஒரு இரும்புச் சட்டி. என்ன ஒரு சட்டி. கறுகறுவென்று, எண்ணெய் குடித்துப் பழகிய சட்டி. அதை எடுத்து அடுப்பில் வைத்தேன், மேகலா ஓடிவந்து பிடுங்கினாள், பிடுங்கினாள் என்றுதான் சொல்ல வேண்டும், அதுல ஊத்தாதீங்கப்பா, அது வேற என்றாள். எனக்கு அப்போதே உறைத்தது. இந்தப் பையன் இங்கேயே தங்குகிறான், இவனுக்கு மாட்டுக்கறி சுட்டுப் போடுகிற சட்டி அது. கேட்கவில்லை. கேட்டு ஒரு பதில் வந்துவிட்டால் அதற்கு நான் என்ன செய்வது.

போன் பேசப் போய்விட்டான். பாருங்கள், என் பக்கத்தில் நின்று பேசினால் என்ன, கறிப் பெட்டியின் அந்தக் கோடிக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு, குரலை இறக்கிப் பேசுகிறான். நான் மீன் பார்க்கிற மாதிரி நகர்ந்து நகர்ந்து போனேன். இந்த வயசில் ஒட்டுக்கேட்கிறேனே என்று வெட்கமாக இருந்தது, இருந்தாலும் போனேன். வெள்ளை கூடவோ, குறையவோ என்கிறான், கொழுப்பைச் சொல்கிறான். கரையிலயோ உள்ளுக்கையோ என்கிறான். ரெண்டு விரல் கனமோ, சரி, சரி என்கிறான். மேகலாவோடுதான் பேசுகிறான், அந்தக் குழைவு வேறு யாரிடமும் வராது. ஸ்டேக் என்றால் உயிராம், உயிரை விடுகிறவனுக்கு அது எப்படி இருக்க வேண்டும் என்று தெரியாதாம், மகளைக் கேட்கிறான். நான் மீனிலிருந்து நிமிர்வதற்குள் திரும்பி வந்துவிட்டான். சும்மா சிவப்பா இருக்கிறதை எடுக்க வேண்டாமாம் அங்கிள், உள்ளுக்கு வெள்ளை நூல் நூலா ஓடியிருக்கோணுமாம், ஊசி குத்தினதெண்டு ஒரு சின்ன எழுத்து இருக்குமாம், அதைப் பாத்துத் தவிர்க்கச் சொன்னவ என்றான். ஒப்பிக்கிறான், முதல் பெஞ்சுப் பையன் மாதிரி. பிறகு அங்கே தொங்குகிற பிளாஸ்டிக் பையை ஒன்று கிழித்து, கைக்கு உறை மாதிரி மாட்டிக்கொண்டு, ஒரு பொட்டலத்தை நுனி விரலால் தூக்கினான். தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டான். தொண்டைக்குழி ஏறி இறங்கியது. எச்சில் ஊறுகிறவனுக்கும் அது ஏறி இறங்கும், குமட்டுகிறவனுக்கும் ஏறி இறங்கும், ஆனால் எச்சில் ஊறுகிறவன் மூச்சைப் பிடிக்க மாட்டான். இவன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். அப்படியே என்னைப் பார்த்து, "அங்கிள், உங்களுக்கு எப்பிடி விருப்பம்? உள்ளுக்கு சிவப்பா இருக்கோணுமோ, நல்லா வேகோணுமோ?" என்றான். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, எப்படின்னாலும் சரிங்க தம்பி, எனக்கொண்ணும் இல்லே, நீங்க எப்படிச் சாப்புடுவீங்களோ அப்படியே ஆகட்டும் என்றேன். அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள். அந்த இடத்தில் பிடித்துக்கொண்டேன். தராசு சரியாக இருக்கிற கடைக்காரன் நாம் திரும்பிப் போகும்போது நிம்மதியாக மூச்சு விட மாட்டான், அவன் பாட்டுக்கு அடுத்த ஆளைக் கவனிப்பான். நிம்மதி வருகிறதென்றால் தட்டுக்கு அடியில் புளி இருக்கிறது.

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். பேப்பர் துண்டு மூட்டைகளுக்குப் பக்கத்தில், போகிறவர் வருகிறவர் இடிக்காத இடத்தில். "தம்பி, ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லுங்க. நீங்க இதச் சாப்புட்டிருக்கீங்களா?" கேட்டுவிட்டேன். இத்தனை காலத்தில் எத்தனை பேரிடம் இந்தக் குரலில் கேட்டிருப்பேன், கேட்டதும் முதலில் கண் வலது பக்கம் போகும், பிறகு சார் என்று இழுப்பார்கள். இவன் கண் எங்கேயும் போகவில்லை. கையில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் பையை மெதுவாக உருவினான். "இல்லை அங்கிள். ஒருநாளும் இல்லை. எங்கட வீட்டில அம்மா இதை அடுப்படிக்கே விடமாட்டா. உங்களுக்கு இது நல்ல விருப்பமெண்டு மேகலா சொன்னவ." யூடியூப்பில் பார்த்து எப்படிச் சுடுவதென்று படித்தானாம், ரெண்டு துண்டாவது விழுங்கிச் சமாளித்துவிடலாம் என்று நினைத்தானாம், நான் வேலையில் ஊர் ஊராகப் போனவன், எல்லாம் சாப்பிடுவேன், நல்ல ஸ்டேக் கண்ணில் காட்டினால் மனசு இளகிவிடுவேன் என்று அவள் சொன்னாளாம். காது மடல் சிவந்துவிட்டது அவனுக்கு. பொய் சொல்லவில்லை. பொய் சொல்கிறவன் தன் அம்மாவை இவ்வளவு பயத்தோடு இழுக்க மாட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை. நானும் சாப்பிட்டதில்லை, உங்களுக்கு உயிரென்று என்னிடம் சொன்னாள் என்றேன். ரெண்டு பேரும் வண்டியைப் பார்த்தோம். வண்டியில் ஒன்றும் இல்லை. பெட்டி நிறையக் கறி இருந்தது, வாங்க வந்த ரெண்டு பேரும் அதைத் தின்னாதவர்கள். அவன்தான் கேட்டான். "அப்ப இது ஆருக்கு அங்கிள்?"

ஆருக்கு. யாருக்குப் பாப்பா. அம்மா வாங்கிட்டு வரச் சொன்னாங்க. மஞ்சப்பை, ரெட்டைச் சடை, எதிரே சைக்கிள் கடையில் நான். அந்தச் சட்டி பழகிய சட்டி, ஒரு இரும்பு அப்படிப் பழக எத்தனை வருஷம் ஆகும் என்று எனக்குத் தெரியாதா, ரங்கநாயகி ஒரு தோசைக்கல்லைப் பழக்குவதற்குப் பட்ட பாட்டைப் பார்த்தவன் நான். இந்தப் பையனை மேகலாவுக்குத் தெரிந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. சட்டி இவனுக்கு முந்தியது. ரெண்டு விரல் கனம், வெள்ளை நூல், இதெல்லாம் யாரையாவது கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஊசி குத்திய எழுத்து. கண்ணாடியைத் தூக்கிவிட்டு மூக்கில் இடித்துப் படித்த எனக்கே அது ஒளிந்து ஒளிந்துதான் அகப்பட்டது. இந்தப் பெட்டிக்கு முன்னால் பல தரம் நின்று, ஒருதரமாவது ஏமாந்து, வீட்டுக்குப் போய்த் தின்று பார்த்து, அடுத்த தரம் படித்துப் பார்த்து எடுத்தவளுக்குத்தான் அது தெரியும். அவள்தான். என் மகள்தான். இங்கே தனியாக வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, தனியாக வாங்கி, தனியாகச் சுட்டு, தனியாகத் தின்று, சட்டியைக் கழுவி எண்ணெய் தடவித் துணி சுற்றி, அப்பா வருகிறார் என்றதும் தொட்டிக்குக் கீழே பின்னால் தள்ளியிருக்கிறாள். அப்பாவின் தோசை அதில் பட்டுவிடக் கூடாது என்று ஓடிவந்து பிடுங்கினாள். நான் அந்தப் பிடுங்கலைப் பார்த்தேன், அதில் என்ன பார்த்தேன், ஒரு ஆண்பிள்ளை வீட்டில் தங்குகிறான் என்று பார்த்தேன். இது எனக்குப் பிடிக்கும்ப்பா என்று சொல்ல அவளுக்கு நான் இடம் வைக்கவில்லை. இந்தப் பையனிடமும் சொல்லவில்லை, கோயில் கும்பிடுகிற அம்மாவின் பிள்ளை, என்ன நினைப்பானோ என்று. ஆசை அவளுடையது, அதை அவன் பேரில் என்னிடமும் என் பேரில் அவனிடமும் சொல்லி அனுப்பிவிட்டாள். எனக்கில்லை, அவர் வாங்கிட்டு வரச் சொன்னார். நான் சொல்லிக்கொடுத்த முகத்தோடு வீட்டில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருக்கிறாள். நாங்கள் ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு மென்று விழுங்கும்போது நடுவிலே அவளும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டால் யாரும் கவனிக்கப் போவதில்லை. ஒரே ஒரு ராத்திரியாவது எங்கள் ரெண்டு பேர் முன்னாலும் உட்கார்ந்து தின்ன நினைத்திருக்கிறாள். அழுகை வந்தது எனக்கு. கடையில் யாரும் என்னைப் பார்க்கவில்லை, துவாரகனைத் தவிர.

அவனுக்கும் விளங்கிவிட்டது. எவ்வளவு நேரத்தில் விளங்கியது என்று தெரியவில்லை, என் முகத்திலிருந்து படித்தானோ, அவனாகவே கூட்டிக்கொண்டானோ, வாய் கொஞ்சம் திறந்தபடி கறிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான். மேகலாவோ என்றான். போனை எடுத்தான், கேக்கட்டோ என்றான், கேக்காதீங்க என்றேன், கொஞ்சம் வேகமாகவே சொல்லிவிட்டேன் போல, பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் திரும்பிப் பார்த்தாள். கேட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சும்மா சொன்னேன், சிக்கனே வாங்கிட்டு வாங்க என்பாள், குரலில் ஒன்றும் இருக்காது. நாங்கள் போவதற்குள் அந்தச் சட்டி வீட்டை விட்டே போய்விடும். அப்புறம் எந்தக் காலத்திலும் எதற்கும் வாயைத் திறக்க மாட்டாள். அதைவிட இன்னொரு பயம் வந்தது. இவன். இப்போது இவனுக்குத் தெரிந்துவிட்டது. இவன் அம்மா அடுப்படிக்கே விடாத பொருள், வரப்போகிற மருமகள் வாரா வாரம் சுட்டுத் தின்கிறாள். இதுவரைக்கும் என் முகத்தைப் பார்த்து நடித்தவன் இப்போது என்ன செய்வான். மகளை எடை போட இவனுக்கு நானே தராசைக் கையில் கொடுத்த மாதிரி ஆயிற்று. முகம் சுளிப்பானா. சிரித்து மழுப்பிவிட்டு, ராத்திரி காரில் போகும்போது அம்மாவுக்குப் போன் போடுவானா. இவ்வளவு நேரம் பார்த்ததெல்லாம் பார்வையே இல்லை, இப்போது பார்க்கிறேன், பாரடா நாச்சிமுத்து, கண்ணை எடுக்காதே. அவன் போனைச் சட்டைப் பைக்குள் போட்டான். கையிலிருந்த பிளாஸ்டிக் பையைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டான். பெட்டிக்கிட்டே போய், வெறுங்கையால், ஒரு பொட்டலத்தை எடுத்தான். நுனி விரலால் இல்லை, முழுக் கையால். ஓரத்து எழுத்தை உதட்டை அசைத்துப் படித்தான், வைத்துவிட்டான். இன்னொன்றை எடுத்து, மேல் துண்டுக்கு அடியில் என்ன மடித்து வைத்திருக்கிறார்கள் என்று விளக்குக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தான், தலையை ஆட்டிவிட்டு அதையும் வைத்தான். இது கனம் காணாது அங்கிள், ரெண்டு விரல் வராது என்றான், என்னைப் பார்க்காமலேயே. மூச்சைப் பிடிக்கவில்லை.

நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு அவன் பக்கத்தில் போய் நின்றேன். குளிர் அப்படியேதான் இருந்தது. மேல் வரிசையில் இருப்பதெல்லாம் காட்டுவதற்கு வைத்தது, அடியில் கைவிட்டுத்தான் எடுக்க வேண்டும், எந்தக் கடைக்கும் அதுதான் வழக்கம். அடி வரிசையைக் காட்டினேன். "நல்லதாப் பாத்து எடுங்க மாப்ள. அவ சாப்புடறதுக்கு." அவன் கை பெட்டிக்குள் அப்படியே நின்றது. தலை நிமிரவில்லை, காது மடல் மட்டும் மறுபடியும் சிவந்தது. பிறகு அடியிலிருந்து ஒன்றை இழுத்து எடுத்து, சரி மாமா, இதைப் பாருங்கோ என்று நீட்டினான். நான் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எடையைப் படித்தேன்.